ஹைட்டி: வெளிநாட்டு மிஷனரிகள் போயாச்சு… உள்ளூர் ஊழியர்கள் அங்கேயேதான் இருக்காங்க! உதவிப் பணம் யாருக்குப் போகுது?

2024 மே 23. கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டி நாட்டின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் ஆயுதக் கும்பல் ஒன்று கிறிஸ்தவ மிஷனரிகள் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றது. டேவி லாயிட், அவருடைய மனைவி நாட்டலி லாயிட். ரெண்டு பேருக்கும் இருபதுகளின் தொடக்க வயசு. நாட்டலியின் அப்பா அமெரிக்காவில் மிசௌரி மாநில சட்டமன்ற உறுப்பினர். செய்தி உலகம் முழுக்கப் பரவியது.

மூன்றாவது ஆள்? பெயர் ஜூட் மோன்டிஸ். ஹைட்டிக்காரர். அந்த மிஷன் அமைப்பின் உள்ளூர் இயக்குநர். பெரும்பாலான தலைப்புகளில் இருந்தது 'அமெரிக்க மிஷனரி தம்பதி கொலை' என்பதுதான். மோன்டிஸ் பெயரைத் தேடினால் செய்தியின் நாலாவது, அஞ்சாவது பத்தியில்தான் கிடைத்தது.

இந்த ஒரு சம்பவத்துக்கு மட்டும் நடந்தது இல்லை இது. ஏழைத் தீவு நாடு ஒன்றில் பள்ளிக்கூடம், மருந்தகம், சாப்பாடு என்று களத்தில் ஓடுவது உள்ளூர் ஊழியர்கள். செய்தியும் பணமும் பெரும்பாலும் வெளியூர்க்காரர்களைச் சுற்றியே போகிறது. இப்போ வெளியூர்க்காரர்கள் கிட்டத்தட்ட வர முடியாத நிலை. அப்போ உதவியின் பாதை மாறுமா? விரிவாகப் பார்க்கலாம்.

ஹைட்டியில் இப்போ என்ன நிலைமை?

ஹிஸ்பானியோலா என்ற தீவை இரண்டு நாடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. கிழக்கே டொமினிகன் குடியரசு. மேற்கே ஹைட்டி. ஹைட்டியின் மக்கள்தொகை சுமார் 1.2 கோடி. அடிமைகளாக இருந்தவர்கள் போராடி 1804-இல் விடுதலை வாங்கிய நாடு. அந்த விடுதலைக்கு 'நஷ்ட ஈடு' என்று 1825-இல் பிரான்ஸ் 15 கோடி பிராங்க் கேட்டது. பிறகு தொகை குறைக்கப்பட்டாலும், அந்தக் கடனையும் வட்டியையும் கட்டியே நாடு தலைமுறைகளாக நொடிந்து போனது.

2021 ஜூலை 7-இல் அதிபர் ஜோவனெல் மோயிஸ் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு கும்பல்களின் கை ஓங்கிவிட்டது. தலைநகரில் சுமார் 90 சதவீதம் அவர்கள் பிடியில் இருப்பதாக ஐ.நா. சொல்கிறது. 2024-இல் மட்டும் 5,600-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 2025-இன் நடுவில் வீடுவாசலை விட்டு ஓடியவர்கள் சுமார் 13 லட்சம் பேர். அதே ஆண்டு கடும் உணவுத் தட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 57 லட்சம் பேர். அதாவது, மக்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர்.

2024 நவம்பரில் போர்ட்-ஓ-பிரின்ஸில் பயணிகள் விமானங்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. உடனே தலைநகருக்குப் போகும் அமெரிக்க விமானங்களுக்குத் தடை வந்தது. தடை அதன் பிறகு பல முறை நீட்டிக்கப்பட்டது.

இதே ஆண்டு மார்ச் மாதம் நம்ம நாடும் 'ஆபரேஷன் இந்திராவதி' என்ற பெயரில் அங்கிருந்த இந்தியர்களை மீட்டது. முதல் கட்டமாக 12 பேர் பக்கத்து டொமினிகன் குடியரசுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது. ஹைட்டி பாஸ்போர்ட் வைத்திருக்கும் போதகருக்கோ கன்னியாஸ்திரிக்கோ அது இல்லை.

மிஷனரிகள் அங்கே ஏன் இவ்வளவு முக்கியம்?

ஹைட்டியில் அரசாங்கம் செய்ய வேண்டிய நிறைய வேலையைச் சபைகள்தான் செய்கின்றன. நாட்டின் பள்ளிக்கூடங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் அரசு சாராதவை. அவற்றில் பெரும் பங்கு கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் சபைகளோடு தொடர்புள்ளவை. 1860-இல் வாடிகனோடு ஒப்பந்தம் போட்ட காலத்திலிருந்தே கல்வியில் திருச்சபையின் கை பெரிது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து புராட்டஸ்டன்ட் மிஷன்கள் வந்து குவிந்தன.

அதனால் அங்கே ஒரு கிராமப் போதகர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்பவர் மட்டும் இல்லை. பல இடங்களில் அவரேதான் பள்ளித் தலைமை ஆசிரியர். நிவாரண அரிசி வந்தால் யார் வீட்டுக்கு எத்தனை கிலோ என்று முடிவு பண்ணுபவரும் அவரே. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் தட்டப்படும் கதவும் அவருடையதுதான். அவர் நின்றுவிட்டால் வழிபாட்டோடு பள்ளிக்கூடமும் நின்றுவிடும்.

கடத்தலிலும் இரண்டு தராசா?

2021-இல் நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள்.

ஏப்ரல் 1, பெரிய வியாழன். ஆராதனை இணையத்தில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தபோதே ஆயுதக்காரர்கள் உள்ளே புகுந்து போதகரையும் இன்னும் சிலரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். பத்து நாள் கழித்து பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் இருந்த ஒரு குழு கடத்தப்பட்டது. செப்டம்பர் 26-இல் தலைநகரின் மையத்தில், ஞாயிறு ஆராதனைக்கு வந்த ஒரு சபை டீக்கனை ஆலய வாசலிலேயே சுட்டுக் கொன்றுவிட்டு அவர் மனைவியைக் கடத்தினார்கள்.

இதெல்லாம் ஹைட்டிக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

அக்டோபர் 16-இல் 16 அமெரிக்கர்கள், ஒரு கனடாக்காரர் என 17 மிஷனரிகளை '400 மவோசோ' என்ற கும்பல் பிடித்தது. ஆளுக்கு 10 லட்சம் டாலர் என்று பணயத் தொகை கேட்டது. அமெரிக்க எஃப்.பி.ஐ. களத்தில் இறங்கியது. உலகமே எண்ணிக்கொண்டு இருந்தது. டிசம்பருக்குள் சிலர் விடுவிக்கப்பட்டு, மிச்சப் பேர் தப்பி வந்து, எல்லாரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். நல்ல விஷயம்தான். ஆனா அதே காலத்தில் கடத்தப்பட்ட நூற்றுக்கணக்கான ஹைட்டி மக்களுக்கு எஃப்.பி.ஐ. வரவில்லை. அவர்கள் குடும்பங்கள் நிலத்தை விற்றும், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் கேட்டும்தான் ஆட்களை மீட்டன.

2025-இலும் இதேதான். மார்ச் 31-இல் மிர்பலே நகரத் தாக்குதலில் இரண்டு ஹைட்டி கன்னியாஸ்திரிகள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 3-இல் தலைநகருக்கு மேலே கென்ஸ்காஃப் மலைப்பகுதியில் ஒரு அனாதை இல்லத்திலிருந்து எட்டுப் பேர் கடத்தப்பட்டு, அந்த மாதக் கடைசியில் விடுவிக்கப்பட்டார்கள். தலைப்பில் வந்தது 'அயர்லாந்து மிஷனரி' மட்டும். கூடவே கடத்தப்பட்ட ஊழியர்களும், மூன்று வயதுக் குழந்தையும் செய்தியின் உள்ளே எங்கோ இருந்தார்கள்.

இதில் யார் உயிர் பெரிது என்ற வாதமே வேண்டாம். ஆபத்தில் பெரும் பங்கை யார் சுமக்கிறார்கள் என்பதுதான் விஷயம். அதற்கான பதில் பணக் கணக்கிலும் தெரிய வேண்டும் இல்லையா?

பணம் எங்கே போகுது?

2010 ஜனவரி 12-இல் ஹைட்டியை நிலநடுக்கம் உலுக்கியது. உலகம் அள்ளிக் கொடுத்தது. பிறகு ஐ.நா.வின் ஹைட்டி சிறப்புத் தூதர் அலுவலகம் கணக்குப் பார்த்தது. சுமார் 243 கோடி டாலர் அவசர நிவாரணப் பணத்தில் ஹைட்டி அரசாங்கத்துக்கு நேரடியாகப் போனது 1 சதவீதம். ஹைட்டியின் சொந்தத் தொண்டு அமைப்புகளுக்குப் போனது 0.4 சதவீதம். நூறு ரூபாயில் 40 பைசா!

மிச்சம்? கொடுத்த நாடுகளின் சொந்த ராணுவ, சிவில் அமைப்புகளுக்கே மூன்றில் ஒரு பங்கு திரும்பிப் போனது. மற்றதில் பெரும் பகுதி ஐ.நா. அமைப்புகள், செஞ்சிலுவை, சர்வதேச தொண்டு நிறுவனங்கள், ஒப்பந்தக்காரர்கள் வழியாக.

அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் கிட்டத்தட்ட 50 கோடி டாலர் திரட்டியது. அதில் நிரந்தரமாகக் கட்டிய வீடுகள் ஆறுதான் என்று 2015-இல் புரோபப்ளிகா, என்.பி.ஆர். ஆகிய ஊடகங்களின் விசாரணை சொன்னது. பழுது பார்த்த வீடுகள், தற்காலிகக் குடியிருப்புகள், மருத்துவ உதவி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சங்கம் மறுத்தது. எப்படிப் பார்த்தாலும், முடிவு எடுக்கும் மேஜையில் ஹைட்டிக்காரர்களுக்கு நாற்காலி குறைவு என்ற விமர்சனம் மட்டும் போகவே இல்லை.

2016-இல் இஸ்தான்புல்லில் பெரிய நன்கொடை நாடுகளும் அமைப்புகளும் ஒரு வாக்குறுதி கொடுத்தன. 2020-க்குள் நிவாரணப் பணத்தில் 25 சதவீதத்தை உள்ளூர் அமைப்புகளுக்கு, முடிந்தவரை நேரடியாகக் கொடுப்போம் என்றன. அந்த இலக்கு எட்டப்படவில்லை.

மிஷன் உலகத்திலும் இதே நோய் உண்டு. ஒரு எளிய கணக்கு: பத்து இளைஞர்கள் ஒரு வார 'மிஷன் பயணம்' போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு சேர்த்து 1,500 டாலர். மொத்தம் 15,000 டாலர். அவர்கள் போய் ஒரு சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், திரும்புகிறார்கள். அதே பணத்தை அங்கேயே கொடுத்திருந்தால் உள்ளூர் பெயின்டருக்கு வேலை கிடைத்திருக்கும். மிச்சத்தில் ஆசிரியர்களுக்குச் சம்பளமும் போயிருக்கும். போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. செலவில் எவ்வளவு அந்த ஊரில் தங்குகிறது என்று கேட்கணும், அவ்வளவுதான்.

நல்ல மனசு, தப்பான விளைவு

வெளியூர்ப் பணம் எப்படித் திசை மாறும் என்பதற்கு ஹைட்டியின் அனாதை இல்லங்கள் பெரிய பாடம்.

அங்கே இருக்கும் இல்லங்கள் சுமார் 750. குழந்தைகள் சுமார் 30,000. 'லூமோஸ்' என்ற சர்வதேச அமைப்பின் 2017 ஆய்வு ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தது. இந்தக் குழந்தைகளில் சுமார் 80 சதவீதம் பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். அனாதைகள் இல்லை, ஏழைகள். வீட்டில் சாப்பாடு இல்லை, பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட முடியவில்லை என்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள். இந்த இல்லங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வருஷத்துக்கு சுமார் 7 கோடி டாலர் வெளிநாட்டு நன்கொடை வந்தது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மத அமைப்புகளும் அவற்றின் ஆதரவாளர்களும்.

அதாவது, குழந்தையை இல்லத்தில் வைத்தால் பணம் வரும். வீட்டில் வைத்தால் வராது. கொடுத்தவர் மனசில் தப்பு இல்லை. ஆனா பணம் ஓடிய வாய்க்கால் தப்பு. அதே பணம் பள்ளிக் கட்டணமாகவோ, அம்மாவுக்குச் சிறுதொழில் முதலாகவோ போயிருந்தால் நிறையக் குழந்தைகள் சொந்த வீட்டிலேயே வளர்ந்திருக்கும்.

எந்த வீட்டில் அப்பா இருக்கிறார், எந்த வீட்டில் உண்மையிலேயே யாரும் இல்லை என்பது யாருக்குத் தெரியும்? வெளியூர் நன்கொடையாளருக்குத் தெரியாது. அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த ஊழியக்காரருக்குத் தெரியும். உள்ளூர் ஆட்களை ஆதரிக்கணும் என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

'உள்ளூர்' என்றாலே எல்லாம் சரியா?

இல்லை. இதையும் நேர்மையாகச் சொல்லணும்.

2023 ஆகஸ்ட் 26-இல் கனான் என்ற பகுதியில் ஒரு உள்ளூர் போதகர் தன் சபை மக்களைக் கும்பலுக்கு எதிராக ஊர்வலமாகக் கூட்டிப்போனார். மக்கள் கையில் தடியும் வெட்டுக்கத்தியும். எதிரே இருந்தவர்கள் கையில் இயந்திரத் துப்பாக்கி. குறைந்தது ஏழு பேர் செத்தார்கள். தன்னைக் கேள்வி கேட்க யாருமே இல்லாத ஒரு தலைவர் எவ்வளவு ஆபத்தானவர் என்பதற்கு அந்த நாள் சாட்சி.

அடுத்து மதம். ஹைட்டியில் கிறிஸ்தவத்தோடு வூடூ என்ற நாட்டுப்புற மதமும் ஆழமாக வேரோடி இருக்கிறது. 2003-இல் அரசு அதை அதிகாரப்பூர்வ மதமாக அங்கீகரித்தது. 2010 இறுதியில் காலரா பரவியபோது, வூடூ பூசாரிகள்தான் நோயைப் பரப்புகிறார்கள் என்று வதந்தி கிளம்பி 40-க்கும் மேற்பட்டோர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். காலரா உண்மையில் வந்தது ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவிலிருந்து என்பது பிறகு தெரிந்தது. இப்படிப்பட்ட இடத்தில் 'சபைக்கு வந்தால்தான் அரிசி' என்று ஒரு ஊழியர் சொன்னால், அது ஊழியம் இல்லை, நெருப்போடு விளையாட்டு. பசிக்கு மதம் கேட்காமல் கொடுக்கிறாரா என்பது ஆதரவு கொடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மூன்றாவது, கணக்கு. போதகர், அவர் மனைவி, அவர் தம்பி ஆகியோரே நிர்வாகக் குழு என்றால், அது வெளிநாட்டு அமைப்பாக இருந்தாலும் சரி, உள்ளூர் அமைப்பாக இருந்தாலும் சரி, சிக்கல்தான்.

புதுச் சிக்கல்: பணம் அனுப்பினால் குற்றமா?

2025 மே மாதம் 'விவ் அன்சன்ம்', 'கிரான் கிரிஃப்' என்ற ரெண்டு ஹைட்டி கும்பல்களை அமெரிக்கா வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனா களத்தில் என்ன ஆகிறது?

தலைநகரிலிருந்து வெளியே போகும் சாலைகளில் கும்பல்கள் சோதனைச் சாவடி போட்டு 'சுங்கம்' வசூலிக்கின்றன. அரிசி மூட்டை ஏற்றிய லாரி அந்தப் பணத்தைக் கட்டாமல் தாண்ட முடியாது. இப்போ அந்தச் சுங்கமே 'பயங்கரவாதத்துக்கு உதவி' என்று வழக்காகலாம். கடத்தப்பட்டவருக்குப் பணயத் தொகை கட்டினாலும் அதே பயம். அதனால் வெளிநாட்டு நன்கொடையாளர்களும் வங்கிகளும் 'எதுக்கு வம்பு' என்று கையை இழுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. வழக்கறிஞர் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் சமாளிக்கும். கிராமத்துச் சபை என்ன பண்ணும்?

இன்னொரு பக்கம், அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் 2025-இல் மூடப்பட்டது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஹைட்டிக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் நாட்டின் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அமெரிக்காவிலிருந்து ரொக்கமாகக் கட்டி அனுப்பும் பணத்துக்கு 2026 ஜனவரி முதல் 1 சதவீத வரியும் வந்துவிட்டது. எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் சுருங்குகிறது.

நெல்லையில் எழுந்த அதே கேள்வி

ஹைட்டி எங்கோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இதே கேள்வி 120 வருஷத்துக்கு முன் நம்ம திருநெல்வேலியில் எழுந்தது. 1903-இல் அங்கே 'இந்திய மிஷனரி சங்கம்' தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. கொள்கை மூன்றே வரி: ஊழியர் இந்தியர், பணம் இந்தியாவுடையது, நிர்வாகம் இந்தியர் கையில்.

1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அசரியா பேசினார். வெள்ளைக்கார மிஷனரிகளின் தியாகத்தை மதிக்கிறோம், ஆனா எங்களைச் சமமான நண்பர்களாக நடத்துங்கள் என்பதுதான் பேச்சின் சாரம். மண்டபத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டே வருஷத்தில், 1912-இல், அவர் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. திருநெல்வேலி மக்களால் பிடி அரிசி சேர்த்தாவது ஒரு மிஷனரியை அனுப்ப முடிந்தது. ஹைட்டியில் பாதி வீடுகளில் அந்தப் பிடி அரிசியே இல்லை. அதனால் வெளிப்பணம் தேவை. ஆனா முடிவு உள்ளூர் கையில் இருக்கணும்.

அப்போ சரியான உதவி எப்படி இருக்கும்?

ஹைட்டி அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை இவை:

• ஒரு தடவை கொடுக்கும் பெரிய தொகையைவிட மாதாமாதம் வரும் சின்னச் சம்பளம் மேல். ஆசிரியரும் நர்ஸும் ஊரை விட்டுப் போகாமல் இருக்க அதுதான் வழி.

• பொருளை அனுப்புவதைவிட அங்கேயே வாங்கினால் விவசாயியும் பிழைப்பார். 1990-களில் அரிசி இறக்குமதி வரி 3 சதவீதமாகக் குறைந்ததும் மலிவு அமெரிக்க அரிசி குவிந்து ஹைட்டி நெல் விவசாயம் சரிந்தது. அந்தக் கொள்கை தவறு என்று 2010-இல் பில் கிளின்டனே வருத்தம் தெரிவித்தார்.

• பாதுகாப்புச் செலவும் உதவிதான். இடம் மாற வேண்டி வந்தால் வாடகை, மருத்துவச் செலவு, ஊழியர் இறந்தால் குடும்பத்துக்குத் தொகை. வெளிநாட்டு மிஷனரிக்குக் காப்பீடு உண்டு. உள்ளூர் ஊழியருக்கும் உண்டா என்று கேளுங்கள்.

• கணக்கு கேட்பது அவமானம் இல்லை. ஆனா இருபது பக்க ஆங்கிலப் படிவம் கேட்டால் ஓடிவிடுவார்கள். 'மான்கேஷ்' போன்ற மொபைல் பணப் பரிவர்த்தனையில் தடம் இருக்கும். ரசீது, ஊர்க் குழுவின் கையெழுத்து இருந்தால் நல்ல தொடக்கம்.

• குழந்தைகளின் முகத்தைக் காட்டிப் பணம் கேட்கும் பதிவுகளைச் சந்தேகத்தோடு பாருங்கள். ஊழியரின் பெயர், இருப்பிடம் தெரியும்படி பகிர்வதும் ஆபத்து. டாலர் வருகிறது என்று தெரிந்தால் கும்பலும் வரும்.

அடுத்து என்ன?

2025 செப்டம்பர் 30-இல் ஐ.நா. பாதுகாப்பு சபை, கென்யா தலைமையிலான படைக்குப் பதிலாக 5,550 பேர் வரை கொண்ட 'கும்பல் ஒடுக்கும் படை'க்கு ஒப்புதல் கொடுத்தது. சாலைகள் திறந்தால் வெளிநாட்டு அமைப்புகள் திரும்ப வரும். விமானங்கள் வரும், மிஷன் பயணக் குழுக்கள் வரும், கேமராக்களும் வரும்.

அப்போ அவர்கள் முதலில் உட்கார வேண்டியது, இத்தனை வருஷமும் பள்ளிக்கூடத்தைப் பூட்டாமல் வைத்திருந்த அந்த ஊர்ப் போதகரோடும் கன்னியாஸ்திரிகளோடும்தான். 'நாங்க என்ன கொண்டு வரணும்?' என்று கேட்பதற்கு முன் 'நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?' என்று கேட்டால், 2010-இன் 0.4 சதவீதக் கதை மறுபடியும் நடக்காமல் இருக்க ஒரு வாய்ப்பு உண்டு.